யாருக்கும் சொந்தமில்லாத மிருகம்

மலாக்காவின் காஜா பெராங்கில் தென்னிந்தியர் நல்லுறவுச் சபை என்று ஒன்று இருந்தது. யாரோடு நல்லுறவு என்பதை மட்டும் பலகையில் எழுதாமல் விட்டிருந்தார்கள். அது எத்தனை தீர்க்கதரிசனம் என்பது வெள்ளைக்காரன் போய் ஜப்பான்காரன் வந்த மறுநாள்தான் ஊருக்கு விளங்கியது. பலகையைக் கழற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. சுவரிலிருந்த ராஜா ராணி படத்தை இறக்கிவிட்டு அந்த இடத்தில் நிப்பான் கொடியை ஆணியடித்தால் போதுமாயிருந்தது. கொடிதான் கொஞ்சம் சின்னது. நாலு பக்கமும் பழைய சட்டத்தின் தடம் வெளேரென்று தெரிந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் நாகரிகம் கருதி அதைப் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

சபைத் தலைவர் கலியாணசுந்தரம் துணிக்கடைக்காரர். கடையில் இப்போது துணி கிடையாது. காலி அலமாரியும் தலைவரும்தான் இருந்தார்கள். ஆனால் ஒரு கோட்டு மிச்சமிருந்தது. லண்டனில் ராஜாவுக்கு முடிசூட்டியபோது மலாக்கா ஊர்வலத்தில் போட்டுக்கொள்ளத் தைத்தது. அதன் பித்தளைப் பொத்தான்களில் இருந்த கிரீடங்களை அவர் மனைவி அம்மிக்கல்லில் உரசி எடுத்துவிட்டாள். ஏப்ரலில் வரும் நிப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாள் ஊர்வலத்துக்குக் கோட்டு தயார். கோட்டு ஏறி உட்கார ஒரு வாகனம்தான் அமையவில்லை.

"ஒவ்வொரு இனத்தானும் ஒரு அலங்கார வண்டி கொண்டாரணும்னு உத்தரவு. நாம என்ன மிருகம் கொண்டு போறோம்? சொல்லுங்க" என்றார் தலைவர்.

"மயில்" என்றார் செயலாளர் மாணிக்கவாசகம்.

"யோவ், அது ராஜாவுக்குப் பண்ணினதுய்யா. அதே மயிலுன்னு எவனாச்சும் போய் ஊதிட்டான்னா?"

"சிங்கம்?"

"பிரிட்டிஷ் சிங்கம்! எங்களையெல்லாம் சயாமுக்கு ரயில் ரோடு போட அனுப்பிட்டுத்தான் நீர் மறுவேலை பார்ப்பீர் போலிருக்கே."

"புலி?"

"அவங்க பெரிய ஜெனரலுக்குப் புலின்னு பட்டமாம். அவரைக் கட்டித் தள்ளிக்கிட்டு வர்ற மாதிரி ஆயிடும்."

"நம்ம ஊர்ப் பேரே யானைதானே? யானையா வெச்சா..."

"வெறிபிடிச்ச யானைன்னுல்ல அர்த்தம்? யாரை மிதிக்க வெறிபிடிச்சு வர்றேன்னு கேட்டா நீர் பதில் சொல்றீரா?"

பசு என்று ஒருவர் சொன்னார். பசுவைப் பார்த்தால் சிப்பாய்களுக்குப் பசி வரும் என்று அது கைவிடப்பட்டது. கழுகு அமெரிக்காக்காரனுடையது. கரடி ரஷ்யாக்காரனுடையது. டிராகன் என்று மாணிக்கவாசகம் வாய் தவறிச் சொன்னபோது கூட்டம் அவசரமாக வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது. சிப்பாய்கள் லாரியில் ஏற்றிக்கொண்டுபோன அந்த ஊர்ச் சீனர்களுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். உலகத்தில் கால் முளைத்த ஜீவன் ஒவ்வொன்றின் கழுத்திலும் யாரோ ஒருவன் கொடியைக் கட்டி வைத்திருந்தான்.

அப்போதுதான் பின்வரிசையில் இருந்த ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். அவர் வெள்ளைக்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் இயற்கைப் பாடம் நடத்தியவர். இப்போது அதே பள்ளிக்கூடத்தில் மரவள்ளி நடவும் நிப்பான் பாட்டும் நடத்துகிறார். படம் போடத் தெரியும் என்பதற்காக அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"யாருக்கும் சொந்தமில்லாத மிருகம் ஒண்ணு இருக்குங்க" என்றார். "மனுஷன் பொறக்கறதுக்குப் பல கோடி வருஷம் முன்னாடியே அது செத்துப்போச்சு."

இருபது வருஷமாக மனசுக்குள் மட்டும் நடமாடிய ஒன்று வாய் வழியாக வெளியே வந்து சபை நடுவில் நின்றுவிட்டது.

ஏகாம்பரம் வாத்தியாரின் ஆசை ஒன்றே ஒன்றுதான். டைனோசர் என்று உலகம் சொல்லும் அந்த ராட்சதப் பல்லி இனத்தில், நீள்கழுத்து உடையது ஒன்றை, அது தன் முழு உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் கோலத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். நடக்காத காரியம் என்று அவருக்கும் தெரியும். நடக்காது என்று தெரிந்ததும் ஆசை அடங்கிவிடும் என்று யாராவது சொன்னால் அவர் அனுபவம் இல்லாதவர். இளவயதில் சிங்கப்பூர் மியூசியத்தில், மலாக்காக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்ததைப் பார்த்தார். அதன் அடியில் நின்று அண்ணாந்தவருக்கு அன்றிலிருந்து கழுத்து ஒரு மாதிரி மேல்நோக்கியே நின்றுவிட்டது. சீமைப் பத்திரிகைகளில் வந்த படங்களைச் சேர்த்தார். ஒரு படம் இரண்டு பக்கம் முழுக்க விரியும்: சதுப்பு நிலம், பெரணிச் செடிகள், நடுவே அந்த ஜீவன். அதன் கழுத்து பக்கத்தின் ஓரத்தைத் தாண்டிப் போய்விடும்போல் இருக்கும்.

ஜப்பான்காரன் வந்த வாரம், வீட்டில் இங்கிலீஷ் அச்சு இருந்தால் தலை போகும் என்று வதந்தி கிளம்பியது. எல்லாவற்றையும் அடுப்பில் போடு என்று அவரேதான் மனைவி கமலவேணியிடம் எடுத்துக் கொடுத்தார். அந்த அடுப்பில்தான் அன்றைக்கு உலை கொதித்தது. அவர் அந்தச் சோற்றையும் சாப்பிட்டார். அதற்குப் பிறகு நாளாக ஆக, கண்ணை மூடினால் வரும் மிருகம் மங்கிக்கொண்டே வந்தது. முதலில் பெரணிகள் போயின. பிறகு கால் விரல்கள். இப்போது கழுத்து மட்டும்தான் மிச்சம்.

"செத்த மிருகமா? பொறந்தநாளுக்கா? அபசகுனம் இல்லையாய்யா?" என்றார் தலைவர்.

ஏகாம்பரம் வாழ்க்கையில் முதன்முறையாக அரசியல் பேசினார். "அப்படிப் பார்க்காதீங்க ஐயா. எல்லா ஜீவனுக்கும் அது மூத்தது. இங்கிலீஷ்காரன், அமெரிக்காக்காரன்னு ஒருத்தனும் இல்லாத காலத்துலயே அது இருந்துச்சு."

கலியாணசுந்தரத்தின் முகத்தில் சூரியன் உதித்தது. "இங்கிலீஷ்காரனுக்கு முன்னாடி! ஆசியாவின் மூத்த பிராணி! மாணிக்கம், இதை அப்படியே எழுதிக்கும்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "அதுக்கு முதுகு உண்டா வாத்தியாரே?" என்று கேட்டார்.

"நல்ல அகலமான முதுகுங்க."

"அப்போ சரி."

வண்டி கட்டும் பொறுப்பு நடராஜனுக்குப் போனது. நடராஜன் மலாக்காச் செட்டி. அவர் முன்னோர்கள் சுல்தான் காலத்திலேயே வந்து இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டவர்கள். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். தமிழில் அவருக்குச் சாமி பெயர்களும் சாமான் பெயர்களும் தெரியும். அம்மன் திருவிழாவுக்கு மூங்கிலில் வாகனம் கட்டுவதில் தன்னை மிஞ்ச மலாக்காவில் ஆள் இல்லை என்பது அவர் அபிப்பிராயம். அதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். ஏகாம்பரம் கரித்துண்டால் தரையில் வரைந்து காட்டியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இருவரும் மலாயில்தான் பேசிக்கொண்டார்கள். வாத்தியாரை அவர் 'சேகு' என்றுதான் அழைப்பார்.

"அலாமாக்! சேகு, இவ்ளோ பெரிய உடம்புக்கு இத்தனூண்டு தலையா? மூங்கில் பத்தலைன்னு ஊர் சிரிக்கும் லா."

"தலை அவ்வளவுதான் நடராஜன். மூளை இன்னும் சின்னது. கொட்டைப்பாக்கு மாதிரி."

"ரெண்டு கொம்பாவது வெக்கலாமே?"

"கொம்பு கிடையாது."

"பல்லு? வெளியே நீட்டிக்கிட்டு?"

"இலை தின்கிற ஜீவன்யா அது."

"நாக்காச்சும் சிவப்பா தொங்கட்டும் சேகு. ஒண்ணுமே இல்லாம வெறும் கழுத்தைக் காட்டினா, கட்டினவன் நடராஜன்னு எப்படித் தெரியும்?"

கொம்பு, பல், நாக்கு ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து நடராஜன் வாலில் மட்டும் வளைவாக ஒரு வேலைப்பாடு வைத்துக்கொண்டார். ஒரு மாட்டு வண்டியின் அடிச்சட்டம். மாட்டை ராணுவம் கொண்டுபோய்விட்டதால் உள்ளே மறைந்து தள்ள ஆட்கள். மேலே மூங்கில் விலா. அதன் மேல் அரிசிக் கிடங்கிலிருந்து இரவல் வாங்கிய கோணிகள், மரவள்ளிக் கஞ்சிப் பசையில் ஒட்டி, சேறு பூசி. உடம்பை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்க ஏகாம்பரம் சம்மதித்தார். கழுத்தில் ஒரு சாண் குறைக்கக்கூட விடவில்லை. அது இருபது அடிக்குக் குறையாமல் உண்மைக் கழுத்தின் நீளத்துக்கே வந்தது.

அந்த வாரங்களில் அவரைத் தேடினால் சாக்கடை ஓரத்தில் கண்டுபிடிக்கலாம். உடும்பு ஒன்று நீந்திக் கரையேறும்போது தோள் எப்படிப் புடைக்கிறது என்று குந்தி உட்கார்ந்து பார்த்தார். பக்கத்து வீட்டு வாத்து தலையைத் தூக்கும்போது கழுத்தின் அடிப்பகுதிதான் முதலில் அசைகிறது, தலை கடைசியில்தான் எழுகிறது என்று கண்டுகொண்டார். கோழி நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் தலையை முன்னால் தள்ளிவிட்டு உடம்பை அதன் பின்னாலேயே இழுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே ரேஷன் வரிசையில் தன் முறையைத் தவறவிட்டார்.

"அரிசி எங்கே?" என்றாள் கமலவேணி.

"கோழி..." என்று ஆரம்பித்தார்.

"கோழி வாங்கிட்டு வந்தீங்களா?"

"இல்லே, பார்த்தேன்."

"என்னங்க, நானும் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பார்க்கிறேன். உசிரோட இருக்கிறவளைப் பார்க்க உங்களுக்கு நேரமில்லே. செத்துப்போன பல்லிக்கு நடை பழக்கறீங்க."

அவர் ரேஷன் பையை ஆணியில் மாட்டினார். பல்லி என்று சொல்லாதே என்று மட்டும் சொல்ல நினைத்து அதையும் விழுங்கினார்.

கழுத்துக்குள் கிணற்று ராட்டினம் ஒன்றை வைத்து, வாத்து கற்றுக்கொடுத்தபடி அடியிலிருந்து நுனிக்கு எழும்பும்படி கயிறு கோத்தார்கள். வெடுக்கென்று இழுத்தால் மூங்கில் முறியும். மூச்சுப் போல இழுக்க வேண்டும். அந்தப் பக்குவம் அவருக்கும் நடராஜனுக்கும் மட்டும்தான் கைவந்தது. ஏற்பாடு இதுதான்: நடராஜன் உள்ளே உட்கார்ந்து கயிறு இழுப்பார். ஏகாம்பரம் கடலோரத்துப் பாடாங் மைதானத்தில், மரம் மட்டை எதுவும் மறைக்காத இடமாகப் பார்த்து வெளியே நிற்பார். அவர் கேட்டது அந்த ஒன்றுதான். கட்டுகிற கொட்டகையோ தாழ்ந்த அத்தாப்பு ஓலைக் கூரை. தெருவில் தந்திக் கம்பிகள். அந்தக் கழுத்து நிமிர மலாக்காவில் பாடாங்கை விட்டால் வானம் இல்லை.

தலைவர் பார்வையிட வந்தார். முதுகில் நாற்காலியும் குடையும் இருப்பதைக் கண்டு திருப்தியடைந்தவர், கழுத்து நிமிரும் என்று கேட்டதும் திடுக்கிட்டார்.

"நிமிர்றதா? கமாண்டர் முன்னாடியா? நானே கொட்டாவிகூடக் குனிஞ்சுதான்யா விடறேன். இது தலைகுனிஞ்சபடியே உள்ளே வந்து, குனிஞ்சபடியே வெளியே போகட்டும்."

ஏகாம்பரம் ஓரடி முன்னால் வந்தார். ஆசை மனிதனை வக்கீலாக்கிவிடும்.

"ஐயா, முதல்லேர்ந்தே குனிஞ்சிருந்தா அது வணங்குதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? கழுத்தே அப்படித்தான்னு நினைச்சுக்குவார். நிமிர்ந்து நின்னு, அப்புறம் குனிஞ்சாத்தானே வணக்கம்?"

தலைவர் யோசித்தார். அவர் எத்தனையோ பேருக்குக் குனிந்திருக்கிறார். இடையில் நிமிர வேண்டும் என்பது அவருக்கு ஒரு புது விஷயமாகப் பட்டது.

"நியாயந்தான். நான் காலால மூணு தட்டுத் தட்டுவேன். அப்போ நிமிரட்டும். மறுபடி தட்டினதும் உடனே குனிஞ்சிரணும், சொல்லிட்டேன்!"

ஊர்வலத்துக்கு முந்தின நாள் நடராஜன் மஞ்சளும் மையும் கோழி இறகும் தட்டில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"கண்ணைத் திறந்திடலாமா சேகு? கண் திறக்காத வாகனத்தை நான் தெருவுக்கு அனுப்பினதில்லே."

இது சாமி வாகனமில்லை, இதன்மேல் எந்தச் சாமியும் ஏறப்போவதில்லை என்று படித்த வாத்தியார் சொல்லியிருக்கலாம். கலியாணசுந்தரம் ஏறப்போகிறார் என்ற ஒரு காரணமே போதும், வேண்டாமென்று சொல்ல. ஆனால் அந்தச் சின்னத் தலையில் வெறும் கோணியாக இருந்த இரண்டு இடங்களையும் அவர் பார்த்தார். கண் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தார். வாய் தானாகச் "சரி" என்றது.

நடராஜன் தேங்காய் உடைத்து, இறகால் மையைத் தொட்டு, இரண்டு கண்களையும் எழுதினார். உடும்பின் கண் அல்ல, வாத்தின் கண் அல்ல. பரபரப்பில்லாத ஏதோ ஒரு பார்வை. நடராஜன் மனைவி ஒரு வாழையிலையில் மரவள்ளித் தழையும் தண்ணீரும் கொண்டுவந்து அதன் முன் வைத்தாள். வருஷம் தவறாமல் செத்துப்போன பெரியவர்களுக்கு இலை போட்டுப் படைக்கிற குடும்பம் அது.

"எல்லாருக்கும் மூத்ததுன்னு சேகு சொன்னாராமே? மூத்தவங்களுக்குப் படைக்காம எப்படி?" என்றாள்.

ஏகாம்பரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உலகத்தில் அத்தனை மியூசியங்கள் அதன் எலும்பை நிறுத்தி வைத்திருக்கின்றன. ஒரு பிடி தழை வைக்க எவருக்கும் தோன்றியிருக்காது.

மறுநாள் காலை, நிப்பான் நேரப்படி எட்டு மணி; சூரியன் மட்டும் உத்தரவு கிடைக்காததுபோல் பழைய நேரத்துக்கே வந்துகொண்டிருந்தது. ஆட்கள் வண்டிக்குள் நுழைந்தார்கள். நடராஜன் நுழையவில்லை. குளித்து வேட்டி கட்டி, கையில் தேங்காயோடு வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"என்ன நடராஜன்? உள்ளே வாங்க."

"நானா? கண் திறந்தவன் அதோட வயித்துக்கு அடியிலே போகக்கூடாது சேகு. முன்னாலே நடக்கணும். எங்க அப்பா காலத்திலேர்ந்து எங்க குடும்பத்து வழக்கம் அது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"கண் திறக்கலாம்னு நீங்கதானே லா சரின்னீங்க?"

அந்த வழக்கம் நடராஜன் அப்பா காலத்தியதா, கோணிக்குள் இருக்கும் வெக்கையைப் பார்த்து அன்று காலை பிறந்ததா என்று ஏகாம்பரத்துக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் நடராஜன் முகம் அசையவில்லை. தலைவர் ஏணி போட்டு முதுகில் ஏறிக் குடை விரித்தாகிவிட்டது. "என்னய்யா தாமசம்? பிந்திப் போனா அறை யாருக்கு விழும்?" என்று மேலேயிருந்து கத்தினார்.

கயிற்றை இழுக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர் வெளியே நின்றால் கழுத்து நிமிராது; உள்ளே போனால் அவர் பார்க்க முடியாது.

ஏகாம்பரம் சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற கமலவேணியிடம் கொடுத்தார்.

"நீங்க பார்க்க வேணாமா?" என்றாள் அவள். குரலில் வழக்கமான குத்தல் இல்லை.

"அது நிமிரட்டும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து உள்ளே போனார்.

உள்ளே புழுங்கல் வாடை. கோணிகளில் ஒட்டியிருந்த பழைய அரிசித் தவிடு வியர்வையில் பிசுபிசுத்தது. தள்ளுகிறவர்கள் அரிசி வாசனை பட்டுப் பசியால் முனகினார்கள். நெஞ்சுப் பக்கம் ஒரு சின்னத் துவாரம்; அதன் வழியே கால்கள் மட்டும் தெரிந்தன. பாலத்தில் காவலுக்கு நின்ற சிப்பாயின் பூட்ஸ். எல்லோரும் அங்கே நின்று குனிந்துவிட்டுப் போக வேண்டும். மிருகம் ஏற்கெனவே குனிந்திருந்ததால் சிக்கல் வரவில்லை. தந்திக் கம்பிகளுக்கு அடியில், தரையை மோந்துகொண்டே போவதுபோல் அது ஊர்ந்தது. காற்றில் உப்பு வாசனை ஏறியபோது பாடாங் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

மைதானத்தில் ஒரு சீன இசைக்குழு, மலாய்க்காரர்களின் படகு, யூரேஷியர்களின் பூப்பந்தல் எல்லாம் வந்து நின்றிருந்தன. ஒலிபெருக்கியில் ஒரு குரல் நீளமாகப் பேசியது. பிறகு திடீரென்று ஒரு சொல்லைக் கத்தியது. கலியாணசுந்தரத்துக்கு நிப்பான் மொழியில் மூன்று சொற்கள் தெரியும். நன்றி, மன்னிக்கவும், பெருவணக்கம். இது மூன்றாவது. பெருவணக்கம் என்றால் மிருகம் குனிய வேண்டும்; குனிய வேண்டுமானால் முதலில் நிமிர வேண்டும் என்று வாத்தியார் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. பதறிப்போய்க் காலால் மூன்று தட்டுத் தட்டினார்.

அது யாரும் யாரையும் பார்க்கக் கூடாத கணம். சக்கரவர்த்தியின் மாளிகை இருக்கும் திசை பார்த்து, கமாண்டர் முதல் கச்சான் கடலை விற்பவன் வரை இடுப்பை மடக்கிக் கண்ணைத் தரையில் வைத்திருக்க வேண்டும். மைதானம் முழுக்க முதுகுகள். கடலுக்குத்தான் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே இருட்டில் ஏகாம்பரம் மூச்சைப் போலக் கயிற்றை இழுத்தார். முதலில் அடிப்பகுதி அசைந்தது. ராட்டினம் முனகியது. மூங்கில் ஒவ்வொன்றாக நெளிந்து நிமிர்வது உள்ளங்கையில் தெரிந்தது. பாரம் பின்னால் சாய்ந்தது. மேலே ஏதோ சறுக்கி வால் பக்கம் போய்ப் பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கயிறு முழுக்க வந்துவிட்டது. அவருக்கு மேலே, கோணிக்கு அப்பால், பார்க்க முடியாத உயரத்தில், அது நின்றுகொண்டிருந்தது. காற்று கழுத்தைத் தள்ளுவதும் கழுத்து தாங்கிக்கொள்வதும் கயிறு வழியாக அவர் தோளுக்கு வந்தது. உயிருள்ள ஒன்றின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருப்பதைப் போல இருந்தது. அவர் அண்ணாந்தார். தெரிந்தது கோணி. தவிடு கண்ணில் விழுந்தது.

இறக்கத் தட்டுச் சத்தம் வரவில்லை. தட்ட வேண்டியவர் வாலடியில் கிடந்தார். கை தளரும் வரைக்கும் ஏகாம்பரம் பிடித்திருந்தார். ஒலிபெருக்கி அடுத்த சொல்லுக்குக் கரகரத்ததும், தள்ளுகிற ஆட்களில் ஒருவன் "வாத்தியாரே, எல்லாரும் நிமிரப் போறாங்க!" என்று அலறினான். அவர் கயிற்றை விட்டார். ஊர் நிமிர்ந்து பார்த்தபோது மிருகம் தரையில் தலை வைத்துப் பணிந்திருந்தது. கலியாணசுந்தரமும் எப்படியோ தொற்றி ஏறி முதுகில் குந்தியிருந்தார். கையில் குடை மட்டும் இல்லை.

கமாண்டருக்கு மிகுந்த திருப்தி. இத்தனை பெரிய பிராணி எல்லோரையும்விடக் கூடுதல் நேரம் வணங்குகிறதே என்று பாராட்டினாராம். தலைவருக்கு ஒரு பொட்டலம் சிகரெட் கிடைத்தது. அதை உட்கார்ந்து வாங்க முடியாமல் நின்றே வாங்கினார்.

ஏகாம்பரம் வெளியே ஊர்ந்து வந்து இடுப்பை நிமிர்த்துவதற்குள் அரிசிக் கிடங்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். இரவல் கோணி அன்றைக்கே திரும்ப வேண்டும் என்பது உத்தரவு. அவர் கண்முன்னே தோல் உரிந்தது. கொஞ்ச நேரம், வெறும் விலா எலும்பாக, மூங்கில் மூங்கிலாக வெயிலில் நின்றது. அதன் இனத்தை மனிதன் பார்த்ததெல்லாம் இந்தக் கோலத்தில்தான். பெரிய ஊர்களில் இருப்பவர்களுக்கும் இதற்கு மேல் கொடுத்து வைக்கவில்லை என்று தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். தேறவில்லை. நடராஜன் மிருகத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, எழுதிய கண்களை ஈரத் துணியால் துடைத்து, மலாயில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பார்த்தீங்களா நடராஜன்? நிமிர்ந்தப்போ?"

"நான் குனிஞ்சிருந்தேன் சேகு. பக்கத்திலேயே பூட்ஸ்." நடராஜன் தலை தூக்கவில்லை. "எல்லாரும்தான் குனிஞ்சிருந்தாங்க."

மாணிக்கவாசகத்தைக் கேட்டார். குனிந்திருந்தார். படகோடு வந்த மலாய்க்காரரைக் கேட்டார். குனிந்திருந்தார். ஊரே கூடியிருந்த மைதானத்தில் அது எழுந்து நின்றிருக்கிறது; பார்த்த மனிதன் ஒருவன் இல்லை. பல கோடி வருஷத்துக்கு முன்பும் அப்படித்தான் நின்றது என்று நினைத்தபடி வீட்டுக்கு நடந்தார்.

அந்தி வெளிச்சத்தில் கமலவேணி வாசலில் மரவள்ளித் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் சிரிப்பு பொங்கிவிட்டது.

"அந்தக் கோட்டுக்காரர் விழுந்தாரே, அம்மாடி! குடை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். வால்ல அப்படியே வழுக்கிக்கிட்டு..."

ஏகாம்பரம் நின்றுவிட்டார். "நீ பார்த்தியா?"

"பார்த்தேனே."

"குனியலே?"

"குனிஞ்சேன். பாதிதான். உங்க சட்டையை முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு அதுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்."

"அறைஞ்சிருப்பானே!"

"அறைஞ்சா அறையட்டும். நீங்க உள்ளே போயிட்டீங்க. யாராச்சும் பார்க்க வேணாமா?" என்றவள் மறுபடி சிரித்தாள். "பொத்தானெல்லாம் தெறிச்சு..."

"அவரை விடு." அவர் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். "கழுத்தைச் சொல்லு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். சற்று யோசித்தாள். "முதல்ல தோள்கிட்டேதான் அசைஞ்சுச்சு. தலை அப்படியே கிடந்துச்சு. தூங்கறவங்களை எழுப்பினா உடனே எந்திரிக்க மாட்டாங்களே, அந்த மாதிரி."

"உம்."

"அப்புறம் ஏறுச்சு. ஏறிக்கிட்டே இருந்துச்சு. அவ்வளவுதான் நிக்கப்போகுதுன்னு நினைச்சா இன்னும் மேலே போச்சு. கொடிக்கம்பத்துக்கும் மேலே."

"கொடிக்கம்பத்துக்கும் மேலேயா?"

"நிசமா. அவ்வளவு உசரத்துக்குப் போனதும் தலை சின்னதாத் தெரியலீங்க. சரியா இருந்துச்சு."

அவர், பெரணிகள் இருந்தனவா என்று கேட்கும் நிலையில் இருந்தார். "நிறம்?"

"சேறு காஞ்ச நிறம்தான். ஆனா வெயில் பட்டு ஈரமா மின்னுச்சு. கீழே அத்தனை பேர் முதுகு. ஒரு சத்தம் இல்லே. அது அந்த முதுகையெல்லாம் பார்த்துச்சு. இதுங்க என்ன ஜீவன்னு தெரியாத மாதிரி."

"அப்புறம்?"

"அப்புறம் மெதுவா தலையைக் கடல் பக்கம் திருப்புச்சு. தன்னை மாதிரி ஒண்ணு அங்கே எங்கேயாச்சும் வருதான்னு பார்க்கற மாதிரி. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே நின்னுச்சு."

கழுத்தில் அவர் கோத்தது மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் ஒரே ஒரு கயிறு. தலை பக்கவாட்டில் திரும்ப ஒரு வழியும் வைக்கவில்லை. ஏகாம்பரம் அதைச் சொல்லவில்லை. கத்தியை எடுத்து, அவளுடைய கிழங்கை வாங்கித் தோலை உரிக்க ஆரம்பித்தார்.

"எந்தப் பக்கம் திருப்புச்சு?" என்றார். "கிளேபாங் கரைப் பக்கமா, இந்தப் பக்கமா? முதல்லேர்ந்து சொல்லு."